ஏட்டில் ஏறாத தண்ணீர்

அவருக்கு டிரைவர்கள் வைத்த பெயர் சத்தம். ஆள் பேசுவதே அபூர்வம். ஆனால் எந்த வண்டியில் ஏறினாலும் இரண்டு தெரு தாண்டுவதற்குள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "ஒரு சத்தம் வருது" என்பார். பக்கத்தில் இருப்பவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் ஒன்றும் கேட்காது. ஷெட்டுக்கு வந்து வண்டியைத் தூக்கிப் பார்த்தால், ஏதாவது ஒரு போல்ட் கால் சுற்று தளர்ந்திருக்கும்.

"அண்ணி குறட்டை விட்டாக்கூட, எந்தப் பக்கத்து பேரிங் தேஞ்சிருக்குன்னு சொல்லிடுவாரு" என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், சத்தமில்லாமல்.

சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் டயாலிசிஸ் முடித்துத் திரும்ப வீட்டில் விடுவதுதான் எங்கள் அறக்கட்டளையின் வேலை. ஒருவருக்கு வாரம் மூன்று முறை. ஒரு முறை தவறினால் ரத்தத்தில் சேரவேண்டாததெல்லாம் சேர்ந்துவிடும். அதனால் வண்டி நேரத்துக்குப் போவது என்பது எங்களுக்கு மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. புது மாடல் வண்டி எதை வாங்கினாலும் முதலில் ஒன்று வாங்கி, அதை ஒரு வருடம் சத்தம் அண்ணன் கையில் கொடுப்பார்கள். பத்தொன்பது வருடமாக இதுதான் நடைமுறை. அவர் எழுதிய குறை ஏட்டை வைத்துத்தான் மற்றதை வாங்குவார்கள்.

அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அவர் ஒரு ஐரோப்பிய கார் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். கார் கழுவுகிற ஆளாகச் சேர்ந்து, என்ஜினைப் பிரித்து மாட்டுகிற இடம் வரை வந்தவர். அந்த ஊர்க் கார்கள் மேல் அவருக்கு இருந்தது வெறும் விருப்பம் இல்லை. கதவைச் சாத்தும்போது "டப்" என்று விழுகிற அந்த அடங்கிய ஓசை, நூறைத் தாண்டினாலும் ரோட்டை விட்டு எழும்பாத கனம், பத்து வருடம் வெயிலில் நின்றாலும் வெளிறாத பெயின்ட், இதெல்லாம் அவருக்கு ஒரு ஒழுக்கம் மாதிரி. "செஞ்சவன் தலைகுனியாம செஞ்சிருக்கான்" என்பார்.

கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமே கார் வருகிற கிராமத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இயந்திரவியல் படித்துவிட்டு இந்த அலுவலகத்தில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை, சத்தம் அண்ணனின் ஏட்டைப் படித்து அட்டவணை போடுவது.

அந்த வருடம் நாற்பது கார்கள் வாங்க வேண்டியிருந்தது. கொரிய கார் ஒன்று, ஐரோப்பிய கார் ஒன்று என இரண்டு போட்டியில் நின்றன. இரண்டும் ஒரே அளவு, ஒரே வேலை. ஒன்றை மாற்றி ஒன்றாக இரண்டையும் அவரே ஓட்டினார். பதினோரு மாதத்தில் கொரிய வண்டிக்கு முப்பத்தொரு குறை ஏறியது. டேஷ்போர்டில் கடகடப்பு. பின்கதவு ரப்பர் பிதுங்கல். பள்ளத்தில் இறங்கும்போது முன் சக்கரத்துக்கு மேல் தட்டுகிற ஓசை. ஸ்டியரிங் ரொம்ப லேசு, வேகத்தில் நம்பிக்கை வரவில்லை. கண்ணாடி ஏற்றுகிற பட்டன் ஒரு நாள் வேலை செய்யவில்லை, மறுநாள் செய்தது. ஐரோப்பிய வண்டிக்கு மொத்தமே நான்கு குறை.

நான் அதைக் கலர் கலராகப் படம் போட்டேன். சிவப்புத் தூண் ஒன்று கூரை வரை, நீலத் தூண் ஒன்று முழங்கால் வரை. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். டீ குடிக்கிற இடத்தில் டிரைவர்கள் இரண்டு கட்சியானார்கள்.

"கொரிய வண்டில ஏசி போட்டா ரெண்டாவது நிமிஷம் ஐஸ் பெட்டி. உங்க வண்டில பேஷன்ட்டு இறங்குற இடம் வந்தப்புறம்தான் குளிருது."

"ஏசி கெடக்கட்டும்யா. அதுல உக்காந்தா முதுகு வலி போயிடுது."

"முதுகு வலி போகும், ஒரு சென்சார் போச்சுன்னா வண்டியும் போகும். பார்ட்ஸ் கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள என் பையன் காலேஜ் முடிச்சிடுவான்."

சத்தம் அண்ணன் எதிலும் கலந்துகொள்ள மாட்டார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ஏட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு திங்கட்கிழமை அவர் லீவில் போனார். வெளியூரில் இருந்த மகளுக்குப் பிரசவம், ஒரு வாரம் லீவு. அவர் இடத்தில் ஐரோப்பிய வண்டியை வேனக்காவிடம் கொடுத்தார்கள். எட்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர் என்பதால் அந்தப் பெயர். எங்களிடம் சேர்ந்து நான்கு மாதம்தான். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் பாக்கி. புருஷன் விட்டுப் போய்விட்டார். ஆறாவதும் எட்டாவதும் படிக்கிற இரண்டு பெண்கள்.

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, மேம்பாலத்தின் உச்சியில், வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. என்ஜின் சூடு. விதிப்படி வேனக்கா உடனே ஓரம் கட்டி நிறுத்தினார். பின்சீட்டில் ஐம்பத்திரண்டு வயது தையல்காரர் ஒருவரும் அவர் மனைவியும். சனிக்கிழமை என்பதால் எல்லா வண்டியும் வெளியே இருந்தது. மாற்று வண்டி போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பாலத்தில் நிழல் இல்லை. தையல்காரரின் மனைவி தன் முந்தானையைக் கதவில் கட்டி நிழல் பிடித்தார். ஆஸ்பத்திரியில் தையல்காரருடைய முறை போய்விட்டது, திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு காலையிலேயே அவருக்கு மூச்சு முட்டியது. தீவிர சிகிச்சையில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நான்கு நாளும் எங்கள் அலுவலகத்தில் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை.

ஒர்க்ஷாப்பில், ரேடியேட்டரில் தண்ணீரே இல்லை என்றார்கள். குழாய் சேருகிற இடத்தில் இருக்கிற பிளாஸ்டிக் பாகம் விரிசல் விட்டிருந்தது. அது விட்டதால் சூடாயிற்றா, சூடானதால் விட்டதா என்று கேட்டால், "ரெண்டும் இருக்கலாம் சார்" என்றார்கள்.

எங்கள் வழக்கப்படி புது வண்டிகளுக்கு வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை, தண்ணீர் அளவு பார்த்துத் தாளில் டிக் அடிக்க வேண்டும். வேனக்கா டிக் அடித்திருந்தார். மேனேஜர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஏட்டைக் கேட்டார். பதினோரு மாதம். தண்ணீர் குறைந்ததாக ஒரு வரி இல்லை.

"பதினோரு மாசம் ஒரு சொட்டுக் குடிக்காத வண்டி ஆறு நாள்ல மொத்தத்தையும் குடிக்குமா? அந்தம்மா பானட்டையே திறக்கல. உக்காந்த இடத்துல டிக் அடிச்சிருக்கு."

"நான் திறந்து பாத்தேன் சார். கோட்டுக்கு மேலயே இருந்துச்சு. என் பொண்ணுங்க மேல சத்தியமா."

"பொண்ணுங்கள ஏன்மா இழுக்கறீங்க? ஏடு சொல்லுது."

மேனேஜர் அங்கேயே சத்தம் அண்ணனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். மறுமுனையில் பிரசவ வார்டின் இரைச்சல்.

"அந்த வண்டி தண்ணி குடிக்குமா?"

"சேச்சே. அது தண்ணி குடிக்காதுங்க சார். ஏன், என்னாச்சு?"

வேனக்கா தாளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பொய்யாக டிக் அடித்தார் என்று எழுதி வேலையை விட்டு அனுப்பினால், வேறு எந்த இடத்திலும் அவரை நம்பி ஒரு ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், அறையில் நின்ற எங்களுக்கும் தெரியும். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, அறக்கட்டளைத் தலைவியான பெரிய டாக்டரம்மா முன்னால் விசாரணை என்று வைத்தார்கள்.

சத்தம் அண்ணன் திங்கட்கிழமை திரும்பி வந்தார். பேத்தி பிறந்திருந்தாள். இனிப்பு கொண்டுவந்திருந்தார், யாரும் வாங்கித் தின்கிற மனநிலையில் இல்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு வேனக்காவைப் போய்ப் பார்த்தார். "தெரியாமப் பண்ணியிருந்தா ஒத்துக்கம்மா. பெரிய டாக்டரம்மா நல்லவங்க" என்றார். அவரும் நம்பவில்லை என்பதுதான் அதன் பொருள். வேனக்கா, "சரிங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் நடந்ததைச் சத்தம் அண்ணனே பின்னால் எனக்குச் சொன்னார். அண்ணி துணி துவைத்துக்கொண்டிருந்தாராம். இவருடைய காக்கிச் சட்டையின் வலது கைமடிப்பைப் பிரித்துப் பார்த்து, "என்னங்க, வண்டிய மாத்திட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஏன்?"

"மூணு சட்டையிலயும் அந்த ரோஸ் கறை இல்லியே. அஞ்சு மாசமா தேச்சுத் தேச்சு என் விரல்தான் தேஞ்சுது. அது லேசுல போகாது. இப்ப சுத்தமா இருக்கு."

அவர் சட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாராம். எங்கள் மற்ற வண்டிகளின் ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட், நாங்கள் தண்ணி என்று சொல்வது, பச்சை. அந்த ஐரோப்பிய வண்டிக்கு மட்டும்தான் ரோஸ்.

அந்த வண்டியை எடுக்கிற நாளெல்லாம் காலை ஐந்தே முக்காலுக்கு அவர் பானட்டைத் திறப்பார். திறந்து, துடைத்து, அரை டம்ளர் ஊற்றி, மூடுவார். முதலில் என்றைக்கோ ஒரு நாள் அளவு நூல் அளவு குறைந்திருந்தது, ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். பிறகு கை தானாகப் போயிற்று. கடைசி இரண்டு மாதம் அரை டம்ளர் ஒரு டம்ளராகியிருக்கிறது. அதையும் கை பார்த்துக்கொண்டது. குறை என்றால் ஓடும்போது தெரிவது. வண்டி கிளம்புகிறபோது கோடு வரை தண்ணீர் இருக்கிறது. அப்புறம் எங்கே குறை? முகம் கழுவுவதை யாராவது ஏட்டில் எழுதுவார்களா?

கொரிய வண்டிக்கு அவர் இந்த மாதிரி எதுவும் செய்ததில்லை. சாவியைப் போட்டால் கிளம்பும், கிளம்பியது. வழியில் கேட்ட ஒவ்வொரு கடகடப்பையும் எழுதினார்.

வியாழன் காலை ஏழு மணிக்கு அவர் ஷெட்டின் அலமாரியைத் திறந்தார். வண்டியோடு வந்த ரோஸ் கூலன்ட் கேன்கள் இரண்டு. ஒன்று காலி. மற்றதில் கால் பங்கு. எட்டரை மணிக்கு அந்த இரண்டு கேன்களோடு என் மேஜை முன் வந்து நின்றார்.

"தம்பி, அந்த அட்டவணையத் திற. தண்ணின்னு ஒரு கட்டம் போடு."

"எந்தத் தேதிண்ணே?"

"ஏப்ரல் கடைசில ஆரம்பிச்சது. அதுலேந்து எல்லா நாளும்."

"எல்லா நாளும்னா?"

"எல்லா நாளும்னா எல்லா நாளும்தான். நான் ஓட்டின ஒவ்வொரு நாளும்."

எனக்கு முதலில் வந்தது வேனக்காவின் நினைப்பு இல்லை. என் சிவப்புத் தூணும் நீலத் தூணும் அச்சாகி, பெரிய டாக்டரம்மாவின் மேஜைக்குப் போய்விட்டது என்கிற நினைப்புதான். "அண்ணே, அந்த ரிப்போர்ட் கொடுத்தாச்சே" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. காலி கேனை என் மேஜைமேல் வைத்தார். அதன் அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு வட்டம் என் தாள்களில் பதிந்தது. நான் கட்டம் போட ஆரம்பித்தேன்.

விசாரணை நடந்த அறையில் நீள மேஜை ஒன்று. ஒரு முனையில் பெரிய டாக்டரம்மா. பக்கத்தில் மேனேஜர். எதிரில் வேனக்கா, இஸ்திரி போட்ட யூனிஃபார்மில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. சத்தம் அண்ணன் உட்காரவில்லை.

"இந்தம்மா திங்கக்கிழமை பாத்தது நிஜங்க. கோட்டுக்கு மேல இருந்திருக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லீவுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி வந்து நான்தான் ஊத்தினேன்."

மேனேஜர் நிமிர்ந்தார். "போன்ல குடிக்காதுன்னீங்க?"

"சொன்னேன். எனக்கே தெரியல சார், அது குடிக்கிறது."

"உங்களுக்குத் தெரியாமயா? கால் சுத்து போல்ட்டு தளர்ந்தா உங்களுக்குத் தெரியும்."

"அது தெரியும். இது தெரியல." டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "எனக்கு அந்த வண்டி பிடிச்சிருந்துச்சு. அதான்."

மேனேஜர் கெட்டவர் இல்லை. பத்தொன்பது வருடத்துப் பழக்கம். குரலைத் தாழ்த்தி, "அண்ணே, பேத்தி பொறந்த அலைச்சல். கடைசி ரெண்டு நாள் மறந்து போய் எழுதலன்னு போட்டுக்கலாமே. இந்தம்மாவையும் விட்டுடலாம். எல்லாருக்கும் நல்லது" என்றார்.

"மறக்கலைங்க. மறந்தா ரெண்டு நாள். இது அஞ்சு மாசம். ரெண்டு நாள்னு போட்டா அந்த ஏடு நல்ல ஏடாவே இருக்கும். நாப்பது வண்டி வந்துடும். நாப்பது பேரும் தினம் காலைல பாட்டிலத் தூக்கிட்டு நிப்பாங்களா?"

பெரிய டாக்டரம்மா இப்போது கேட்டார்: "இதுக்கு முன்னாடி எழுதின ரிப்போர்ட்டெல்லாம்?"

அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தார் போல. தரையைப் பார்க்கவில்லை. "அதையும் நம்ப முடியாதும்மா. பிடிச்ச வண்டி எதெதுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. எழுதித் தர்றேன்."

பத்தொன்பது வருடம்.

வேனக்காவின் மேல் எழுதியிருந்த தாளை டாக்டரம்மா கிழித்துப் போட்டார். அண்ணன் வேனக்கா பக்கம் திரும்பி, "தப்பா நெனச்சுட்டேம்மா" என்றார். வேனக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஆறு நாளா என் பொண்ணுங்க ரெண்டும் என்னைப் பொய்காரியாப் பாத்துச்சுங்கண்ணே. பெரியவ கேட்டா, நிஜமாவே பாத்தியாம்மான்னு. நீங்க இப்ப சொல்லிட்டீங்க. அவ கேட்டது கேட்டதுதான்."

அண்ணன் கைகூப்பினார். வேனக்கா திருப்பிக் கூப்பவில்லை. எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

அன்று மாலையே முடிவு வந்தது. வாங்குவது நிறுத்தம். இரண்டு வண்டிகளுக்கும் இன்னொரு ஆறு மாதம் சோதனை. நான்கு டிரைவர்கள், வாரத்துக்கு ஒருவராக மாறி மாறி. பானட்டைத் தொட்டாலே எழுத வேண்டும். பொறுப்பு வேனக்கா. சத்தம் அண்ணன் இனி சாதாரண டிரைவர்.

அந்தச் சோதனை எப்படி முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்பவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஐரோப்பிய வண்டியின் அந்தப் பிளாஸ்டிக் பாகத்தை மாற்றிய பிறகு அது ஒரு சொட்டு விடவில்லை. ஓட்டுவதற்கு அதுதான் சுகம் என்று நான்கு பேரும் எழுதினார்கள். ஆனால் ஒரு சென்சாருக்காகப் பதினாறு நாள் ஷெட்டில் நின்றது. கொரிய வண்டி கடகடத்துக்கொண்டே இருந்தது, கதவு ரப்பர் மறுபடி பிதுங்கியது, ஒரு நாள்கூட வழியில் நிற்கவில்லை. நாற்பதும் கொரிய வண்டியாக வந்தது. இது எங்கள் இரண்டு வண்டிகளின் கதை. உலகத்திலுள்ள எல்லா வண்டிகளுக்கும் இதுதான் தீர்ப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு தூண் வைத்து ஒரு தடவை சொன்னது போதும்.

நான் சொல்ல வந்தது வெள்ளிக்கிழமையைப் பற்றி. பொறுப்பு மாற்றுகிற நாள். அண்ணன் சாவியையும் ஏட்டையும் வேனக்காவிடம் கொடுத்தார். வேனக்கா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, ஒர்க்ஷாப்பிலிருந்து வந்து நின்ற ஐரோப்பிய வண்டியின் பானட்டைத் தூக்கிக் கம்பியை மாட்டினார்.

"தண்ணி தெரியும். வேற என்னெல்லாம் எழுதாம விட்டிருக்கீங்க?"

"வேற ஒண்ணும் இல்லம்மா" என்று ஆரம்பித்தவர், நிறுத்தினார். என்ஜினைப் பார்த்தார்.

"கிளம்புனதும் ஒரு நிமிஷம் அப்படியே விட்டுட்டுத்தான் கியர் போடுவேன். உடனே போட்டா ஒரு உதறல் இருக்கும்."

வேனக்கா பேனாவைத் திறந்தார். "ம்."

"இடது பின்கதவ உள்ளேந்து பேஷன்ட்டு திறந்தா சில சமயம் வராது. நானே இறங்கி வெளியேந்து திறந்து விடுவேன். மரியாதைக்குத் திறக்கிறதா அவங்க நெனச்சுப்பாங்க."

"ம்."

"மழை நாள்ல ஹெட்லைட் கண்ணாடிக்குள்ள ஆவி கட்டும். ராத்திரி கழட்டி துடைச்சு வெச்சிடுவேன். பிரேக் மிதி காலைல முதல் தடவை கொஞ்சம் கெட்டியா இருக்கும்..."

ஷெட்டு வாசலில் இருந்த இரும்புப் பெட்டியின் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் ஏடு. ஒன்றரை மணி நேரம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தான் பதினோரு மாதம் ஓட்டிய வண்டியை முதல் முறையாகப் பார்க்கிற ஆள் மாதிரி முகம் மாறிக்கொண்டே போயிற்று. வேனக்கா ஒரு வார்த்தை குறைத்தோ கூட்டியோ எழுதவில்லை. ஆறு பக்கம் ஆயிற்று. கடைசியில் ஏட்டை அவர் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கண்ணே."

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.